வேலிக்கட்டைகள்

ஜேம்ஸ் ஆற்றங்கரை, வெதர்லி தோட்டம், 1862

பதினோரு குளிர்காலம் பிளந்தேன்.
செஸ்ட்நட் சொன்னபடி கேட்கும்,
ஓக் மரம் ஆப்பையே கடித்து வைத்துக்கொள்ளும்.
கொட்டாப்புளி தூக்கித் தூக்கி
வலது தோள் இடதைவிட இறங்கிப்போனது.
ஒரு நாளைக்கு நூறு கட்டை.
குறைந்தால் மீதியை முதுகில் எண்ணுவார்கள்.

ஜூலை மாதம், மழையோடு மழையாக
நீலச் சட்டைக்காரர்கள் வந்து விழுந்தார்கள்.
தோற்றுத் திரும்பும் படை என்று
யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.
அறுத்து அடுக்கிய கோதுமைக் கட்டுகளைப்
பிரித்துச் சேற்றில் போட்டு
அதன்மேல் படுத்துத் தூங்கினார்கள்.
கண் போகிற தூரமெல்லாம் கூடாரம், கோவேறு கழுதை, மலம்.

எஜமான் வெள்ளிப் பாத்திரங்களோடு
ரிச்மண்டுக்குப் போயிருந்தார்.
மணியை விட்டுப் போயிருந்தார்.
விடியலில் அது அடிக்கவில்லை.
அதற்குப் பதில் எவனோ ஊதுகொம்பு ஊதினான்.
எனக்கு ஊதவில்லை,
ஆனாலும் எழுந்து நின்றிருந்தேன்.

மூன்றே இரவு.
ஆற்றிலிருந்து காடுவரை நான் பிளந்ததெல்லாம்
அவர்கள் காப்பிக்கு வெந்நீரானது.
சிரித்தாயா என்று கெஸியா கேட்டாள்.
இரண்டாம் இரவு ஒரு கட்டையை அடையாளம் தெரிந்தது,
என் கட்டைவிரல் நகத்தைத் தின்ற முடிச்சு அதில்.
எரியும்போது சீறியது.
பக்கத்தில் போய் உட்கார்ந்து
இரண்டு கையும் நீட்டிக் குளிர் காய்ந்தேன்,
ஜூலையில்.

மேசை போட்டு ஒருவன் பெயர் எழுதினான்.
எல்க்கானா, என்றேன்.
அப்புறம்? என்றான்.
அப்புறம் ஒன்றுமில்லை.
அந்த இடத்தில் வெதர்லி என்று சொல்ல வாய் வரவில்லை.
அவனாக ஏதோ எழுதிக்கொண்டான்.
படிக்கத் தெரியாது எனக்கு.
மாதம் எட்டு டாலர் என்றான், மண்வெட்டி கொடுத்தான்.
மண்வெட்டி வந்தது.

பெரிய வீட்டின் சாப்பாட்டறைக் கதவைக் கழற்றி
அதன்மேல் கால்களை வெட்டினார்கள்.
கால்களுக்கு ஒரு குழி, ஆட்களுக்கு ஒரு குழி.
காய்ச்சலில் செத்தவர்களே அதிகம்.
கிணறு ஐந்தும் வற்றி, ஆற்றைக் குடித்தார்கள்;
ஆற்றில்தான் எல்லாமும் போனது.

கெஸியா சட்டை துவைத்தாள், ஒன்றுக்கு ஐந்து சென்ட்.
முதல் காசைக் கடித்துப் பார்த்து
கன்னத்துக்குள் அடக்கியே அன்றிரவு தூங்கினாள்.
மூன்றாம் வாரம் அவளுக்கும் காய்ச்சல்.
தண்ணீரைக் கொதிக்க வைக்க வேண்டும்.
இரண்டு மைலுக்கு ஒரு சுள்ளி இல்லை.

ஒரே ஒரு வேலி மிச்சமிருந்தது,
எஜமான் குடும்பத்துக் கல்லறைகளைச் சுற்றி.
தொடக்கூடாது என்று மேலிட உத்தரவு, காவலுக்கு ஆள்.
எங்கள் செத்தவர்கள் பைன் மரங்களுக்கடியில்
வேலியில்லாமல் கிடந்தார்கள், அதற்கு உத்தரவு எதுவும் இல்லை.
காவலுக்கு ஹூபர் என்ற பென்சில்வேனியாப் பையன்.
வயிற்றுக்கடுப்பு, பாவம்.
அரைமணிக்கொருமுறை துப்பாக்கியோடு புதருக்கு ஓடுவான்.
ஓட்டத்துக்கு இரண்டு கட்டை.
பதினான்கு எடுத்தேன்.
கடைசியில் திரும்பி வந்து வேலியைப் பார்த்தான்,
என்னைப் பார்த்தான்,
மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினான்.

என் கட்டைதான் அதுவும். நன்றாக எரிந்தது.

ஆகஸ்டில் படை கிளம்பியது,
வந்த அவசரத்தைவிட அவசரமாக.
கெஸியாவுக்கு நிற்க முடிந்தது, நடக்க முடியவில்லை.
அவர்கள் விட்டுப்போன நொண்டிக் கோவேறு கழுதைமேல்
அவளை ஏற்றினேன்.
கோதுமை வயல் தாண்டினோம், குழிகள் தாண்டினோம்.
தெற்கு வேலி இருந்த இடத்தில்
கழுதை நின்றது.

எதிரே ஒன்றுமில்லை.
காலடித் தடமும் வண்டித் தடமுமாகச் சேறு,
அதற்கப்பால் சாலை.
இழுத்தேன், அசையவில்லை.
நானும் கொஞ்ச நேரம் நின்றேன்,
எங்கே தாண்டுவது என்று பார்ப்பவனைப்போல.

கெஸியா மேலிருந்து
தன் சூடான பாதத்தால் என் தோளை உதைத்தாள்,
இறங்கிய தோளை.
போ, என்றாள். கழுதையிடமா என்னிடமா
தெரியவில்லை.